ஊதாக் கல் எல்லாம் செவ்வந்திக்கல் அல்ல: புளோரைட்டை அறிவது எப்படி?

பெஸ்தாரி ஜெயா, பத்தாங் பெர்ஜுந்தை என்று அழைக்கப்பட்ட காலத்தில் ஈயக் கப்பல்கள் தோண்டிய ஊர். இன்று அங்கு மிஞ்சியவை குட்டைகளும் மணல் மேடுகளும்தான். அந்த மணலில் ஊதா நிறக் கல் ஒன்று தட்டுப்பட்டால் அது செவ்வந்திக்கல்லா, கண்ணாடித் துண்டா, புளோரைட்டா?

புளோரைட் என்பது கால்சியமும் புளோரினும் சேர்ந்த கனிமம். ஊதா, பச்சை, மஞ்சள், நிறமற்றது என்று பல வண்ணங்களில் கிடைக்கும். அதனால் நிறத்தை நம்பிப் பயனில்லை. உலக அளவில் இது அரிய பொருளும் அல்ல. எஃகு உருக்கும்போது கசடை இளக்கவும், பற்பசைக்கான புளோரைடு உப்புகள் தயாரிக்கவும் இதுவே மூலப்பொருள். இந்தியாவில் குஜராத்தின் அம்பாடோங்கரில் பெரிய படிவு இருக்கிறது. மலேசியாவில் ஈப்போ அருகே கெராமாட் பூலாயில், டங்ஸ்டன் தாதுவான ஷீலைட்டோடு சேர்ந்து கிடைத்தது. சுண்ணாம்புப் பாறையைக் கருங்கல் குழம்பு தொட்ட இடம் அது.

கோல சிலாங்கூர் பக்கத்து மணலில் இதை எதிர்பார்ப்பது கடினம். காரணம் எளிது. அங்குள்ள ஈயம் ஆறுகள் அடித்து வந்த வண்டலில் இருந்தது. ஈயத் தாது கடினமானது, கனமானது. நெடுந்தூரம் உருண்டாலும் தாங்கும். புளோரைட் மென்மையானது, நான்கு திசைகளில் வழவழப்பாகப் பிளக்கும். வழியிலேயே பொடியாகிவிடும். ஆகவே குட்டை ஓரத்தில் கிடைக்கும் ஊதாக் கல், குவார்ட்சாகவோ புட்டிக் கண்ணாடியாகவோ இருக்கவே வாய்ப்பு அதிகம்.

சோதிக்க வீட்டுச் சாமான்கள் போதும். எஃகுக் கத்தி முனையால் கீறினால் புளோரைட்டில் கோடு விழும். அதன் கடினம் மோஸ் அளவையில் 4. குவார்ட்ஸ் வகையான செவ்வந்திக்கல்லின் கடினம் 7. கத்தி அதைக் கீறாது. அதுதான் கண்ணாடிப் புட்டியைக் கீறும். புளோரைட் கண்ணாடியைக் கீறாது. இனி உடைந்த முகத்தைப் பாருங்கள்: கண்ணாடியும் குவார்ட்சும் சிப்பி ஓடு போல வளைந்து உடையும், புளோரைட் தட்டையாகப் பிளக்கும். கையில் தூக்கினாலும் வித்தியாசம் தெரியும். அதன் அடர்த்தி 3.18, குவார்ட்சுக்கு 2.65.

பண நோட்டைச் சோதிக்கும் புற ஊதா விளக்கில் பல புளோரைட் கற்கள் நீலமாக ஒளிரும். ஒளிர்வுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயரையே 1852ல் ஸ்டோக்ஸ் என்ற விஞ்ஞானி இந்தக் கல்லின் பெயரிலிருந்துதான் உருவாக்கினார். ஆனால் எல்லாக் கற்களும் ஒளிர்வதில்லை; ஒளிராததால் அது புளோரைட் இல்லை என்று சொல்லிவிட முடியாது.

அமிலம் ஊற்றிப் பார்ப்பது மட்டும் வேண்டாம். கந்தக அமிலம் பட்டால் புளோரைட்டிலிருந்து ஹைட்ரஜன் புளோரைடு வெளிவரும். அது தோலையும் நுரையீரலையும் கடுமையாகத் தாக்கும் நஞ்சு.

மோதிரக் கல் வாங்குவோருக்கும் இது உதவும். காற்றுத் தூசியிலேயே குவார்ட்ஸ் துகள் உண்டு. துணியால் துடைக்கத் துடைக்க புளோரைட்டின் பளபளப்பு மங்கிவிடும். செவ்வந்திக்கல் விலைக்கு இதை வாங்கினால் நஷ்டம் வாங்கியவருக்குத்தான். கடையில் கத்தியால் கீற விடமாட்டார்கள். ஒளிவிலகல் கருவி வைத்திருக்கும் நகைக்கடையில் கேட்கலாம். புளோரைட் 1.43 காட்டும், செவ்வந்திக்கல் 1.54க்கு மேல்.

மணல் மேட்டில் கவனிக்க வேண்டிய இன்னொன்று, ஈயம் எடுத்தபின் மிஞ்சும் கறுப்பு மணலான அமாங். அதில் உள்ள மோனசைட்டில் தோரியம் என்ற கதிரியக்கப் பொருள் இருக்கிறது. பிள்ளைகள் விளையாட அதை மூட்டையாக வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாது. கல்லைத் துல்லியமாக அறிய விரும்புவோர் கனிமம், புவி அறிவியல் துறையிடம் கேட்கலாம். அத்துறையின் புவியியல் அருங்காட்சியகம் ஈப்போவில் இருக்கிறது.