செயின் கேஸுக்குள்ள ஒரு டம்ளர் ஆயில்: ஸ்னோமொபைலின் கதை

இன்னைக்கு எபிசோட் ஒரு மெக்கானிக் வேலையில தொடங்குது. கனடாவிலும் அமெரிக்காவின் வட மாநிலங்களிலும் பனிக்காலம் முடிஞ்சதும் நிறைய பேர் ஸ்னோமொபைலை ஷெட்டுக்குள்ள தள்ளி, எஞ்சின் ஆயிலையும் செயின் கேஸ் ஆயிலையும் மாத்துவாங்க. பனியில ஸ்கூட்டர் மாதிரி ஓடுற வண்டிதான் ஸ்னோமொபைல். முன்னாடி ரெண்டு ஸ்கீ, பின்னாடி ஒரு ரப்பர் ட்ராக். எஞ்சினுக்கு ஆயில் மாத்தறது நமக்குத் தெரியும். அது என்ன செயின் கேஸ்? ரெண்டுக்கும் ஏன் தனித்தனி ஆயில்? இந்தக் கேள்விக்குப் பதில் தேடினா, கிட்டத்தட்ட நூறு வருஷ வரலாறு வெளியே வருது.

கியூபெக் மாகாணத்தில் வால்கூர் என்ற சின்ன ஊர். அங்கே 1907-ல் பிறந்தவர் ஜோசப்-அர்மாண்ட் பொம்பார்டியர். 15 வயசிலேயே பழைய ஃபோர்டு எஞ்சினை எடுத்து, பின்னால் ஒரு விமான விசிறியை மாட்டி, பனியில ஓடுற வண்டி செஞ்ச பையன். 19 வயசில் சொந்தமா ஒரு கராஜ். அந்தக் காலத்து கியூபெக் கிராமங்களில் பனிக்காலம் வந்தா சாலை கிடையாது. யாரும் பனியை அள்ள மாட்டாங்க. காரை ஷெட்டுல நிறுத்திட்டு, குதிரை பூட்டின சறுக்குவண்டியிலதான் போகணும்.

1934 குளிர்காலத்தில் அவருடைய ரெண்டு வயசு மகன் ஈவோனுக்குக் குடல்வால் அழற்சி. ஆஸ்பத்திரி ஷெர்புரூக் நகரத்தில். இன்னைக்குக் காரில் ஒரு மணி நேரத்துக்குள்ள போயிடலாம். அன்னைக்கு வழி முழுக்கப் பனி. குழந்தையைக் கொண்டு போக முடியல. ஈவோன் இறந்துட்டான்.

மகன் போனதாலதான் அவர் வண்டி கண்டுபிடிச்சார்னு ஒரே வரியில சொல்றவங்க உண்டு. எனக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை. அவர் அதுக்கு முன்னாடியே பல வருஷமா அந்த வேலையில இருந்தார். ஆனா அதுக்கப்புறம் வேகம் கூடியது உண்மை. ரப்பர் பூசின பல்சக்கரம், அதைச் சுத்தி ஒரு ரப்பர் ட்ராக் என்ற அவருடைய அமைப்புக்கு 1937-ல் காப்புரிமை கிடைச்சது. ஏழு பேர் உட்காரும் பி7, பிறகு பன்னிரண்டு பேர் உட்காரும் பி12 வந்தன. டாக்டர், பாதிரியார், தபால்காரர், பள்ளிக்கூடப் பிள்ளைகள் எல்லாரும் அதில் போனாங்க. ஆம்புலன்ஸாகவும் ஓடினது.

1948-ல் கியூபெக் அரசு கிராமத்துச் சாலைகளிலும் பனி அள்ள முடிவு செஞ்சது. மக்களுக்கு நல்லது, பொம்பார்டியர் வியாபாரத்துக்கு அடி. பெரிய வண்டி விற்பனை சரிஞ்சது. அவர் காட்டு வேலைக்கும் சதுப்பு நிலத்துக்குமான ட்ராக்டர் பக்கம் போனார். ஒருத்தர் ரெண்டு பேர் மட்டும் போற சின்ன வண்டி என்ற பழைய ஆசையும் விடல. அதுக்கு ஏத்த லேசான எஞ்சின் வர 1950-களின் கடைசி வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அதே நேரத்தில் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் ரோஸோ என்ற ஊரில், விவசாயக் கருவி செய்யும் எட்கர் ஹெட்டீனின் பட்டறையில் அவருடைய கூட்டாளிகள் 1956-ல் ஒரு வண்டி செஞ்சாங்க. தானியம் ஏத்துற கன்வேயரின் செயின்தான் ட்ராக். பழைய ஷெவர்லே காரின் பம்பர்தான் ஸ்கீ. இவங்கதான் இன்னைக்கு போலாரிஸ். கையில கிடைச்சதை வெச்சு வேலை பார்க்கிற நம்ம ஊர் லேத் பட்டறைக்காரங்களுக்கு இவங்களை ரொம்பப் பிடிச்சிருக்கும்.

1959-ல் பொம்பார்டியரின் சின்ன வண்டி வந்தது. முதலில் ஸ்கீ-டாக் என்று பேர் வைக்க நினைச்சாங்க, நாய் வண்டிக்கு மாற்று என்ற அர்த்தத்தில். கடைசியில் ஸ்கீ-டூ என்று ஆனது. இப்போ கவனிங்க: அந்த முதல் ஸ்கீ-டூவில் இருந்தது ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சின். மின்னசோட்டா வண்டியிலும் அப்படித்தான். அதாவது ஆரம்பத்திலேயே ஆயில் மாத்தற வேலை இருந்தது. சில வருஷத்தில் அது காணாமப் போயிடுச்சு.

காரணம் டூ ஸ்ட்ரோக். 1960-களில் ஆஸ்திரியாவின் ரோட்டாக்ஸ் எஞ்சின்கள் ஸ்கீ-டூவுக்குள் வந்தன. எடை குறைவு, பாகங்கள் குறைவு, அதே அளவுக்கு அதிக சக்தி. பனியில் எடைதான் எல்லாம். கனமான வண்டி புதைஞ்சிடும். டூ ஸ்ட்ரோக்கில் ஆயிலைத் தேக்கி வைக்க அடியில் தொட்டி கிடையாது. பெட்ரோலோட ஆயிலைக் கலந்து ஊத்தினா, அது உள்ளே போய் வழவழப்பு கொடுத்துட்டு எரிஞ்சு புகையா வெளியே போயிடும். உங்க அப்பாகிட்ட கேளுங்க, பெட்ரோல் பங்க்ல டிவிஎஸ் 50-க்கு 2டி ஆயில் கலந்து போட்ட கதை சொல்லுவார். அதே சங்கதிதான். எரிஞ்சு போற ஆயிலை எங்கிருந்து மாத்தறது?

ஆனா ஒரு இடத்துல மட்டும் ஆயில் தங்கியது. அதுதான் செயின் கேஸ். எஞ்சின் சக்தி முதலில் ஒரு ரப்பர் பெல்ட் வழியா போகும். கியர் இல்லாத ஸ்கூட்டர்ல இருக்கிற அதே தத்துவம். அந்த பெல்ட் மேல ஒரு சொட்டு ஆயில் பட்டாலும் வழுக்கும். அதனால் அந்தப் பக்கம் காய்ஞ்சே இருக்கணும். அடுத்து சக்தி ஒரு செயின் வழியா கீழே இறங்கி ட்ராக்கைச் சுழற்றும் தண்டுக்குப் போகும். அது பல வண்டிகளில் பல் தலைகீழாக அமைஞ்ச அகலச் செயின். இந்த வகைச் செயினை மான்செஸ்டரில் ஹான்ஸ் ரெனால்ட் 1885-லேயே கொண்டுவந்துட்டார். பனித் தண்ணி பட்டா துருப்பிடிக்கும், காய்ஞ்சா தேயும். அதனால் ஒரு மூடின பெட்டிக்குள்ள வெச்சு, கிட்டத்தட்ட ஒரு டம்ளர் ஆயில் ஊத்தினாங்க. இது எரியாது. பழசாகும், ஈரம் சேரும், இரும்புத்தூள் சேரும். மாத்தித்தான் ஆகணும்.

இது ஏன் முக்கியம்? 1968 ஏப்ரலில் ரால்ஃப் பிளைஸ்டெட் தலைமையில் நாலு பேர் ஸ்னோமொபைலில் வட துருவம் போய்ச் சேர்ந்தாங்க. அதில் ஒருத்தர் பொம்பார்டியரின் அண்ணன்-தம்பி வழி மகன் ழான்-லூக். அவங்களுக்கு விமானம் வந்து பெட்ரோல் போட்டது. வடக்கே வாழ்ற இனுயிட் வேட்டைக்காரருக்கோ சாமி மேய்ப்பருக்கோ அப்படி யார் வருவா? நாய் பசிச்சா வேட்டையாடின கறியைப் போடலாம். செயின் அறுந்தா, வீட்டுக்கு நூறு கிலோமீட்டர் தள்ளி, மைனஸ் 40 டிகிரியில நிக்கணும்.

பின்லாந்தின் செவெட்டியார்வி பகுதி சாமி மக்களைப் பத்தி மானுடவியலாளர் பெர்ட்டி பெல்டோ 1973-ல் ஒரு புத்தகம் எழுதினார். 1960-களின் தொடக்கத்தில் அங்கே ஸ்னோமொபைல் நுழைஞ்சது. பத்து வருஷத்துக்குள்ள கலைமான் மேய்ப்பே மாறிப்போச்சு. வண்டி, பெட்ரோல், ஆயில், உதிரி பாகம் எல்லாத்துக்கும் ரொக்கம் வேணும். ரொக்கம் இருந்தவங்க தாக்குப்பிடிச்சாங்க, பல குடும்பங்கள் மேய்ப்பை விட்டே வெளியேறின. கனடாவின் ஆர்க்டிக்கில் கதை இன்னும் கசப்பு. 1950-களிலிருந்து 70-கள் வரை போலீஸ்காரர்களும் அதிகாரிகளும் இனுயிட் மக்களின் சறுக்குவண்டி நாய்களைச் சுட்டுக் கொன்றதை, இனுயிட் மக்களே அமைத்த கிகிக்தானி உண்மை ஆணையம் பதிவு செஞ்சது. கனடா அரசு 2019-ல் மன்னிப்புக் கேட்டது. ஆகவே ‘வண்டி வந்தது, நாய் போனது’ என்று யாராவது எளிமையா சொன்னா நம்பாதீங்க.

சரி, எஞ்சின் ஆயில் எப்படித் திரும்பி வந்தது? புகையால. அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் 1963-ல் முதல் ஸ்னோமொபைல்கள் நுழைஞ்சன. 1990-களில் அங்கே நீல மூட்டம். டூ ஸ்ட்ரோக்கில் பெட்ரோலின் ஒரு பகுதி எரியாமலேயே வெளியேறிடும். மேற்கு வாசலில் டிக்கெட் கொடுக்கிற ஊழியர்களுக்கு சுவாச முகமூடி கொடுக்க வேண்டிய நிலை. 2000-ல் தடை செய்ய முடிவெடுத்தாங்க. வழக்கு மேல வழக்கு. கடைசியில் 2004 குளிர்காலம் முதல் புகையும் சத்தமும் குறைஞ்ச வண்டிகளுக்கு மட்டும் அனுமதி. அது நடைமுறையில் ஃபோர் ஸ்ட்ரோக். யமஹாவும் மற்றவங்களும் அதுக்கு முன்னாடியே அந்தப் பக்கம் திரும்பத் தொடங்கியிருந்தாங்க. மலையில ஏறுறவங்க இன்னும் எடைக்காக நேரடி ஊசி முறை டூ ஸ்ட்ரோக்கையே விரும்பறாங்க, அதுல எனக்கு ஆச்சரியம் இல்லை.

அதனாலதான் இன்னைக்கு ஃபோர் ஸ்ட்ரோக் வெச்சிருக்கிறவருக்கு ரெண்டு ஆயில். எஞ்சினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு சூடாக்குவார், இல்லைன்னா ஆயில் தேன் மாதிரி மெதுவாத்தான் இறங்கும். வடிச்சு, ஃபில்டர் மாத்தி, கம்பெனி சொன்ன தரத்தில், பெரும்பாலும் 0டபிள்யூ-40, ஊத்துவார். அந்த டபிள்யூ குளிர்காலத்தைக் குறிக்குது. வேலையை சீசன் முடிஞ்ச கையோட செய்யறது நல்லது. பழைய ஆயிலில் இருக்கிற ஈரமும் அமிலமும் கோடை முழுக்க உள்ளேயே உட்கார்ந்து உலோகத்தை அரிக்கும். அப்புறம் செயின் கேஸ். பழைய மாடல் பலதில் வடிக்கிற போல்ட்டே கிடையாது, மூடியைக் கழட்டினா எல்லாம் தரையிலதான், கீழே துணியைப் போட்டுக்கணும். பல வண்டிகளில் உள்ளே ஒரு காந்தம் இருக்கும். அதில் சாம்பல் நிறத்தில் மை மாதிரி ஒட்டியிருந்தா சாதாரணத் தேய்மானம். துண்டு துண்டா இரும்பு ஒட்டியிருந்தா, மூடியைத் திரும்ப மாட்டாம செயினையும் பல்சக்கரத்தையும் வெளியே எடுக்க வேண்டியதுதான்.