பெயரிடப்படாத காயம்: படைவீரரின் உளநோயும் ஊனமுற்றோர் ஓய்வூதியமும்

முலுண்ட் வழியாக நாசிக் செல்லும் இருப்புப்பாதையில் தேவ்லாலி என்றொரு நிலையம் உண்டு. 1861-இல் ஆங்கிலேயர் அங்கு அமைத்த படைமுகாமில், பணிக்காலம் முடிந்த சிப்பாய்கள் தாயகம் திரும்பக் கப்பலுக்காக மாதக்கணக்கில் காத்திருந்தனர். வெயிலும் மலேரியாவும் வெறுமையும் சிலரது மனநிலையைக் குலைத்தன. அந்நிலைக்கு அவர்கள் இட்ட பெயர் ‘டூலாலி டாப்’. முன்சொல் ஊர்ப்பெயரின் திரிபு. பின்சொல் மராத்தியில் இன்றும் காய்ச்சலைக் குறிக்கும் ‘தாப்’. நம் ‘தாபம்’ அதன் உறவுச்சொல். ஒரு நோயின் பெயர் பின்னர் ஆங்கிலத்தில் கேலிச்சொல்லாகச் சுருங்கியது.

முதல் உலகப்போரில் பெயரிடுதல் பணத்தோடும் பிணைந்தது. 1915-இல் சார்லஸ் மையர்ஸ் ‘ஷெல் ஷாக்’ என்னும் சொல்லை மருத்துவ இதழொன்றில் எழுதினார். பிரித்தானியப் படை அதனை இரண்டாகப் பிரித்தது. எதிரியின் குண்டுவெடிப்பால் நேர்ந்தது ‘காயம்’, ஏனையது ‘நோய்’. காயம்பட்டவருக்குச் சீருடையில் காயப்பட்டையும் ஓய்வூதிய உரிமையும் உண்டு. நோயுற்றவருக்கு இரண்டும் இல்லை.

இப்பிரிவினையின் சாயலை விடுதலைக்குப் பிந்தைய இந்தியாவிலும் காண்கிறோம். மருத்துவ வாரியம் ஊன விழுக்காட்டைக் கணிப்பதோடு, அந்நோய் ‘பணியால் விளைந்ததா, பணியால் மிகுந்ததா’ என்றும் கூற வேண்டும். இரண்டும் அன்று என்னும் ஒரு வரி போதும், ஊன ஓய்வூதியம் மறுக்கப்பட.

1985-இல் படையில் சேர்ந்த தரம்வீர் சிங், வலிப்பு நோயால் 1994-இல் விடுவிக்கப்பட்டார். ஊனம் 20 விழுக்காடு. ஆயினும் அது உடலியல்பு சார்ந்தது என்றது வாரியம். 2013-இல் உச்ச நீதிமன்றம் அதனை ஏற்கவில்லை. சேர்க்கையின்போது குறிக்கப்படாத நோய் பணியில் விளைந்ததாகவே கொள்ளப்படும். மாறாகக் கருதும் வாரியம் காரணம் காட்ட வேண்டும் என்றது. நிறுவும் பொறுப்பு வீரருக்கு இல்லை என்பதும், நியாயமான ஐயத்தின் பயன் அவருக்கே என்பதும் 1982-ஆம் ஆண்டு விதிகளிலேயே இருந்தவை. மனச்சிதைவால் 1977-இல் விடுவிக்கப்பட்ட வீர்பால் சிங்கின் வழக்கிலும், காரணம் கூறாத மனநல மருத்துவ அறிக்கையைக் குறைகண்டு, மறு ஆய்வு வாரியத்துக்கு நீதிமன்றம் ஆணையிட்டது. அதுவும் 2013-இல்தான். இடையில் கழிந்தவை 36 ஆண்டுகள்.

துண்டான காலுக்கு எவரும் சான்று கேட்பதில்லை. குலைந்த மனத்துக்கோ சான்று சொற்களில் மட்டுமே உள்ளது. அச்சொற்களை எழுதுபவர் வீரரல்லர், வாரியத்தார். எனவே ஊன மதிப்பீட்டின் வரலாற்றை மருத்துவ வரலாறாக மட்டும் படித்தல் போதாது. காரணம் சொல்லும் கடமை யாருடையது என்னும் வழக்கின் வரலாறாகவும் அதனைப் படிக்க வேண்டும்.