மூடாத நூலகம், அதுக்குக் கொடுத்த விலை

இன்னைக்கு பாரிஸ் போகப் போறோம். ஈஃபிள் டவர் பார்க்க இல்ல, அதுக்குப் பக்கத்துத் தெருவுல இருக்கற ஒரு நூலகத்தப் பத்திப் பேச. பேரு ‘அமெரிக்கன் லைப்ரரி இன் பாரிஸ்’. பிரெஞ்சு பேசுற ஊர்ல, நூறு வருஷத்துக்கும் மேல ஓடிட்டிருக்கற ஆங்கில நூலகம்.

இதோட ஆரம்பமே ஒரு போர். 1917இல் அமெரிக்கா முதல் உலகப் போரில் இறங்கியது. அங்கிருந்த நூலகங்கள் சேர்ந்து, ஐரோப்பாவில் பதுங்குகுழியில் கிடந்த சிப்பாய்களுக்குப் புத்தகம் அனுப்பின. போர் முடிவதற்குள் கிட்டத்தட்ட 15 லட்சம் புத்தகங்கள் கடல் தாண்டி வந்துவிட்டன. சரி, போர் முடிஞ்சது, சிப்பாய்கள் ஊருக்குப் போயிட்டாங்க. புத்தகங்கள என்ன பண்றது?

அதை வைத்து 1920இல் நூலகம் தொடங்கினார்கள். முன்னின்றவர்களில் ஒருவர் சார்லஸ் சீகர். அவருடைய மகன் ஆலன் சீகர் ஒரு கவிஞர், 1916இல் அதே போரில் இறந்தவர். நாவலாசிரியர் ஈடித் வார்ட்டன் அறங்காவலர்களில் ஒருவர். நூலகம் நடத்திய ‘எக்ஸ் லிப்ரிஸ்’ பத்திரிகையில் ஹெமிங்வேயும் கெர்ட்ரூட் ஸ்டைனும் எழுதினார்கள்.

இன்னொரு விஷயத்தையும் அமெரிக்கர்கள் கொண்டுவந்தார்கள்: வாசகரே அலமாரி வரை போய்ப் புத்தகத்தை எடுத்துப் பார்க்கும் முறை, கார்டு கேட்டலாக். நமக்கு இது சாதாரணம். அன்றைய பிரான்சில் பல நூலகங்களில் சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். 1920களில் பாரிஸில் நூலகர்களுக்கான பயிற்சிப் பள்ளி ஒன்றும் நடந்தது. அதில் படித்தவர்கள் இந்தப் பழக்கத்தை வெளியே எடுத்துப் போனார்கள்.

இப்ப கதையோட கஷ்டமான பகுதி.

1940 ஜூன் 14, ஜெர்மன் படை பாரிஸுக்குள் நுழைந்தது. அடுத்த சில மாதங்களில் வெளிநாட்டவர் நடத்திய நூலகங்களைக் குறிவைத்தார்கள். துர்கேனெவ் பெயரில் இருந்த ரஷ்ய நூலகத்திலிருந்து சுமார் ஒரு லட்சம் புத்தகங்களை அள்ளிப் போனார்கள். போலந்து நூலகமும் தப்பவில்லை. அமெரிக்க நூலகம் மட்டும் எப்படித் தப்பிச்சது?

முதல் காரணம், அமெரிக்கா இன்னும் போருக்குள் வரவில்லை. இரண்டாவது, அப்போதைய இயக்குநர் டாரதி ரீடர். ஜெர்மானியர்கள் சார்பில் நூலகங்களை மேற்பார்வை பார்க்க வந்தவர் ஹெர்மன் ஃபுக்ஸ். அவரும் பெர்லினில் வேலை பார்த்த நூலகர்தான். நூலகம் திறந்திருக்கலாம், ஆனால் யூதர்கள் உள்ளே வரக்கூடாது என்பது விதி.

ரீடர் நூலகத்தை மூடவில்லை. யூத உறுப்பினர்கள் வர முடியாதென்றால் புத்தகம் அவர்களிடம் போகட்டும் என்று, அவரும் ஊழியர்களும் வீடு வீடாகப் புத்தகங்களைக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். ஒருமுறை திடீர்ச் சோதனையில், கையை உடனே தூக்கவில்லை என்று ஊழியர் ஒருவரைச் சுட்டார்கள். புத்தகம் இரவல் கொடுக்கிற வேலையில் இருந்த ஆபத்து இவ்வளவு.

1941இல் ரீடர் அமெரிக்கா திரும்பினார். பொறுப்பு கிளாரா தெ ஷாம்ப்ரனிடம் வந்தது. சின்சினாட்டியில் பிறந்தவர், ஷேக்ஸ்பியர் ஆய்வாளர். அந்த டிசம்பரில் அமெரிக்காவும் போரில் குதித்தது. இப்போது அது எதிரி நாட்டு நூலகம். ஆனாலும் தப்பியது. ஏன்னா, கிளாராவோட மகன் கல்யாணம் பண்ணியிருந்தது பியர் லவாலோட மகள. ஹிட்லருக்கு ஒத்துழைத்த விஷி அரசின் பிரதமர் அந்த லவால். தேசத்துரோகத்துக்காக 1945இல் சுட்டுக் கொல்லப்பட்டவர்.

அதாவது, யூதர்களைப் பிடித்துக் கொடுத்த அரசின் தலைவர் வீட்டுச் சம்பந்தம்தான் இந்த நூலகத்துக்குக் கவசம். இதை எப்படி எடுத்துக்கறது?

அதே ஊரில் சில்வியா பீச் இருந்தார். அவருடைய ‘ஷேக்ஸ்பியர் அண்ட் கம்பெனி’ ஆங்கிலப் புத்தகக் கடை, இரவலும் கொடுக்கும். ஒரு ஜெர்மன் அதிகாரி கேட்ட புத்தகத்தை விற்க மறுத்தார். கடையைப் பறிமுதல் செய்வோம் என்று மிரட்டினார்கள். பீச் தன் நண்பர்களோடு சேர்ந்து ஒரே நாளில் எல்லாவற்றையும் மேல்மாடிக்கு ஏற்றி, கடையையே காணாமல் ஆக்கிவிட்டார். பிறகு அவரை முகாமில் அடைத்தார்கள். அந்தக் கடையை அவர் திரும்பத் திறக்கவே இல்லை.

நான் சாஃப்ட்வேர் ஆளு. எங்க தொழில்ல சர்வர் விழக்கூடாது, அவ்வளவுதான் கணக்கு. அந்தக் கணக்குல பார்த்தா கிளாரா ஜெயிச்சாங்க, பீச் தோத்தாங்க. ஆனா பீச்சை யாரும் தோத்தவங்கன்னு சொல்றதில்ல. கிளாராவப் பத்திப் பேசும்போது இன்னைக்கும் ஒரு தயக்கம் இருக்கு. என் கருத்தக் கேட்டா, கதவு திறந்திருந்ததால மட்டும் அந்த நூலகத்துக்குப் பெருமை இல்ல. கதவுக்கு வெளியே நிறுத்தப்பட்டவங்க வீட்டுக்கும் புத்தகம் போச்சு, பெருமை அதுல இருக்கு. அது இல்லாம வெறுமனே திறந்திருந்தா, யூதர்களுக்கு இடமில்லாத இன்னொரு கட்டடம், அவ்வளவுதான்.

போருக்கு அப்புறமும் சோதனை வந்தது, இந்த முறை சொந்த நாட்டிலிருந்து. 1953இல் மெக்கார்த்தியின் ஆட்கள் ராய் கோனும் டேவிட் ஷைனும் ஐரோப்பாவில் இருந்த அமெரிக்க நூலகங்களில் கம்யூனிஸ்ட் புத்தகங்களைத் தேடி வலம் வந்தார்கள். பாரிஸ் நூலகத்தின் இயக்குநர் இயன் ஃபோர்ப்ஸ் ஃப்ரேசர் அவர்களை உள்ளே விடவில்லை. 1940இல் யாரை உள்ளே விடக்கூடாது என்று மற்றவர்கள் சொன்னார்கள். இந்த முறை அதை நூலகமே முடிவு செய்தது.

அந்த மேசையில நீங்க உட்கார்ந்திருந்தா மூடியிருப்பீங்களா, திறந்து வெச்சிருப்பீங்களா? யோசிச்சு எழுதுங்க. அடுத்த எபிசோடுல பார்க்கலாம்.