வலையோரத்து ஆட்டம்

இறகுப்பந்தாட்டத்திலே பார்ப்போர் கண்ணைக் கவர்வது ஓங்கியடிக்கும் அடியே. மட்டையைக் கையிலெடுத்த முதல் நாளிலேயே மாணாக்கர் பழக விரும்புவதும் அதுவே. ஆயினும் ஆட்டத்தின் வரலாற்றை நோக்குமிடத்து, வலையோரத்து மெல்லிய தட்டுக்குரிய இடம் சிறிதன்று என்பது புலனாகும்.

19ஆம் நூற்றாண்டிலே புனா நகரிலிருந்த ஆங்கிலப் படையினர் இதனை விரும்பி ஆடினர். காற்று மிகுந்த வேளைகளில் இறகு நிலைகொள்ளாமையால் கம்பளி நூற்பந்து வழக்கில் வந்தது. தஞ்சாவூரில் அந்நூற்பந்தாட்டம் வேரூன்றியது. தமிழ்நாட்டார் பூப்பந்து என்பது அதனையே. யாழ்ப்பாணத்தாரோ இறகுப்பந்தாட்டத்தையே பூப்பந்து என்பர். பாக்குநீரிணையைக் கடந்ததும் ஒரே பெயர் வேறோர் ஆட்டத்தைக் குறிப்பது வேடிக்கையன்றோ!

இங்கிலாந்திலே 1893இல் சங்கம் அமைந்தது. ஆனால் 1901 வரை ஆடுகளம் நாழிகை வட்டில் போல நடுவிலே ஒடுங்கியிருந்தது. வலையருகே இடம் குறுகியிருந்தமையால், அங்கே எதிரியைப் பக்கத்துக்குப் பக்கம் அலைக்கழிக்க வாய்ப்புக் குறைவு. களம் நீள்சதுரமான பின்னரே வலையின் இரு மூலைகளும் முழுப் பயனுள்ள இலக்குகளாயின எனலாம்.

1920 முதல் 1923 வரை தொடர்ந்து நான்கு முறை அகில இங்கிலாந்து ஒற்றையர் பட்டத்தை வென்ற சேர் ஜோர்ஜ் தோமஸ், 1923இலும் 1934இலும் பிரித்தானியச் சதுரங்க வாகையரும் ஆவார். அவர் பெயரால் அமைந்த தோமஸ் கிண்ணத்தை 1949இல் முதன்முதல் வென்ற நாடு மலாயா. உறவினர் பலரை மலாயா உத்தியோகத்துக்கு அனுப்பியிருந்த யாழ்ப்பாணத்துக்கு அது முற்றிலும் அந்நியமான நாடன்று. அடுத்த ஆண்டிலேயே மலாயாவின் வோங் பெங் சூன் அகில இங்கிலாந்துப் பட்டத்தையும் பெற்றார்.

மாணாக்கருக்கு எடுத்துக்காட்டத் தக்க ஆட்டம் 1980இல் நிகழ்ந்தது. பெங்களூர் மல்லேசுவரத்திலே, கலியாணங்களுக்கும் பயன்பட்ட ஒரு மண்டபத்தில் ஆடி வளர்ந்த பிரகாஷ் படுகோனே, பாய்ந்தடிப்பதிற் பெயர்பெற்ற இந்தோனேசிய வீரர் லிம் சுவீ கிங்கை 15-3, 15-10 என வென்றார். எதிரியின் வேகத்துக்கு வேகத்தால் விடை கூறாது, ஆட்டத்தை மெதுவாக்கி, ஓங்கியடிக்க ஏற்ற பந்தைக் கொடாது வென்ற வெற்றி அது.

இத்தந்திரத்தை இடைநிலை வகுப்பு மாணாக்கருக்குக் கற்பிப்பது கடினமன்று. மட்டையை இறுகப் பிடித்தால் பந்து தெறித்துயரும். தளர்வாகப் பிடித்து, மட்டைப் பக்கத்துக் காலை முன்வைத்து, வலையின் மேல்விளிம்பை அண்மிய உயரத்திலேயே பந்தைச் சந்தித்தல் வேண்டும். தாழ விட்டபின் எடுத்தால் மேலே தூக்குவதன்றி வேறு வழியில்லை. எதிரி பின்னே நின்றால் வலையோரம் விடுதல். அவர் முன்னோக்கிப் பாய்ந்தால் தலைக்கு மேலாகப் பின்கோட்டுக்கு உயர்த்துதல். அவர் விட்ட பந்து வலைக்கு மேலே எழுந்தால் உடனே கீழ்நோக்கித் தட்டுதல். அடிக்குமுன் எதிரியின் காலைப் பார்க்கப் பழகாதவருக்கு இவை மூன்றும் பயன்படா. வலையைத் தொடுவதும், அப்பாற் சென்று பந்தை அடிப்பதும் தவறு என்பதைத் தொடக்கத்திலேயே உணர்த்தல் நன்று. 2006 முதல் ஒவ்வொரு பந்துக்கும் புள்ளி உண்டாகையால், இத்தகைய தவறு உடனே எதிரியின் கணக்கில் ஏறிவிடும்.

குடாநாட்டுப் பாடசாலைகளிற் பல திறந்த வெளியிலேயே ஆடவேண்டியவை. சோளகக் காற்று வீசும் மாதங்களில் உயர்ந்தெழும் பந்து எங்கோ சென்று விழும். வலையை ஒட்டித் தாழச் செல்லும் பந்து அவ்வளவு அலைவதில்லை. பரீட்சைக்காக விளையாட்டு நேரத்தைச் சுருக்கும் பாடசாலைகளுக்கு மற்றொரு வசதியும் உண்டு. முழுக்களத்தில் ஒரே வேளையில் ஆடக்கூடியவர் நால்வரே. வலையிலிருந்து இருபுறமும் 1.98 மீற்றரில் உள்ள கோடுகளுக்கிடையே மட்டும் ஆடச்செய்தால், 6.1 மீற்றர் அகலத்தில் நான்கு சோடிகள், அதாவது எட்டு மாணாக்கர், ஒரே வலையிற் பயிலலாம். இறகு சிறிது சிதைந்த பழைய பந்துகளும் தொடக்கப் பயிற்சிக்குப் போதும்.