பந்தய வண்டியின் மின்கம்பிகள்

மோட்டார்ப் பந்தயம் என்றவுடன் எஞ்சினின் முழக்கமும் சக்கரங்களின் வேகமுமே நம் நினைவுக்கு வருகின்றன. வண்டியின் உடலெங்கும் ஓடும் மெல்லிய மின்கம்பிகளை எண்ணிப் பார்ப்பவர் சிலரே. ஆயினும், பெரிய தொழிற்சாலைகளின் துணையின்றி, வீட்டுக் கொட்டகையிலேயே பந்தய வண்டி கட்டியவர்களின் வரலாற்றை நோக்கினால், அவர்களது வெற்றியும் தோல்வியும், சில வேளைகளில் உயிருங்கூட, இக்கம்பிகளைப் பொறுத்தே இருந்தன என்பது விளங்கும். கம்பிகளைக் குறைத்தல், அவற்றை ஒழுங்குபடுத்தல், வேண்டியபோது அனைத்தையும் ஒரே நொடியில் துண்டித்தல் என்னும் மூன்று பாடங்களை அவர்கள் படிப்படியாகக் கற்றனர். அந்தக் கதையையே இங்குக் காண்போம்.

ஜெர்மனியின் மான்ஹைம் நகரில் வாழ்ந்த கார்ல் பென்ஸ், 1886-ஆம் ஆண்டில் தமது மூன்று சக்கர மோட்டார் வண்டிக்கு உரிமைப் பட்டயம் பெற்றார். அவ்வண்டியில் பாட்டரியும் தூண்டு சுருளும் சேர்ந்து தீப்பொறியை உண்டாக்கின. 1888 ஆகஸ்டு மாதத்தில் அவருடைய மனைவி பெர்த்தா, கணவரிடம் சொல்லாமலே, புதல்வர் இருவரை அழைத்துக்கொண்டு அவ்வண்டியில் ஃபோர்ட்ஸ்ஹைம் என்னும் ஊருக்குப் புறப்பட்டார். நூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட அப்பயணத்தின் இடையே, தீப்பொறிக்குரிய கம்பியின் உறை தேய்ந்துவிட்டது. அம்மையார் தம் காலுறையைக் கட்டியிருந்த நாடாவையே அக்கம்பிக்கு உறையாக்கிப் பயணத்தைத் தொடர்ந்தார் என்பது வழிவழியாகச் சொல்லப்பட்டு வரும் செய்தி. மோட்டார் வண்டியின் முதல் நெடும்பயணத்திலேயே கம்பி தன் குணத்தைக் காட்டிவிட்டது எனலாம்.

அக்காலத்துப் பாட்டரி கனமானது. ஓடும் வண்டியில் அதற்கு மீண்டும் மின்சாரம் ஊட்டும் வழியும் இல்லை. ஆதலின் பாட்டரியே வேண்டாத ஒரு முறையை அறிஞர் தேடினர். ஸ்டட்கார்ட் நகரத்து ராபர்ட் போஷ், 1897-இல் காந்தத்தால் இயங்கும் மாக்னெட்டோ என்னும் கருவியை ஒரு மோட்டார் வண்டியில் பொருத்தினார். அவரிடம் பணியாற்றிய காட்லோப் ஹோனோல்டு, 1902-இல் உயர் அழுத்த மாக்னெட்டோவையும் அதற்கேற்ற ஸ்பார்க் பிளக்கையும் உருவாக்கினார். எஞ்சின் சுழலும்போது அதனோடு சேர்ந்து மாக்னெட்டோவும் சுழலும். அதற்குள்ளேயே மின்சாரம் பிறந்து, ஒரு தடித்த கம்பி வழியே பிளக்கை அடையும். பந்தய வீரர்கள் இதனை உவந்து ஏற்றதில் வியப்பில்லை.

இந்த எளிமையின் சிறப்பை நன்கு உணர்த்தியவை, இரண்டாம் உலகப் போருக்குப் பின் இங்கிலாந்தில் தோன்றிய சிறு வண்டிகள். பெட்ரோலும் பொருள்களும் பங்கீட்டில் கிடைத்த காலம் அது. லண்டனை அடுத்த சர்பிட்டன் என்னும் இடத்தில் சார்லஸ் கூப்பரும் அவர் மகன் ஜானும் 1946-இல் ஒரு வண்டி கட்டினர். இரண்டு பழைய ஃபியட் கார்களின் முன்பகுதிகளை எதிரெதிராக இணைத்து, மோட்டார் சைக்கிளுக்குரிய 500 கன சென்டிமீட்டர் ஜே.ஏ.பி. எஞ்சினை ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் வைத்தனர். இவ்வகை வண்டிகளில் பலவற்றில் பாட்டரி இல்லை; டைனமோ இல்லை; விளக்கும் இல்லை. தள்ளிவிட்டே எஞ்சினைக் கிளப்பினர். ஒரு மாக்னெட்டோ, ஒரு பிளக், நிறுத்துவதற்கு ஒரு ஸ்விட்ச். மின் அமைப்பு அவ்வளவே! ஸ்டர்லிங் மாஸ் 1948-இல் இத்தகைய கூப்பர் வண்டியிலேயே தம் பந்தய வாழ்வை வளர்த்தார். எஞ்சினைப் பின்னால் வைத்த அதே கூப்பர் வழியில் வந்த வண்டிகள் 1959, 1960 ஆகிய ஆண்டுகளில் ஜாக் பிரபாமுக்கு உலக வீரர் பட்டத்தை ஈட்டித் தந்தன.

ஆனால் மாக்னெட்டோவுக்கு ஒரு விந்தையான குணம் உண்டு. அதனை நிறுத்த வேண்டுமானால், அதன் கம்பியை வண்டியின் உலோக உடலோடு சேர்க்க வேண்டும். பாட்டரியும் சுருளும் உள்ள வண்டியை நிறுத்தவோ, கம்பியைப் பிரிக்க வேண்டும். ஆகவே ஸ்விட்ச்சுக்குச் செல்லும் கம்பி அறுந்துபோனால், பின்னதில் வண்டி ஓடாது. முன்னதில் ஸ்விட்ச்சால் வண்டி நிற்காது! இவ்விரண்டில் எது பெருந்தீங்கு என்பதை வேகமாகச் செல்லும் ஓட்டுநரே அறிவார்.

இதற்கிடையே பாட்டரி முறையும் வளர்ந்து வந்தது. அமெரிக்காவின் டேட்டன் நகரில் சார்லஸ் கெட்டரிங் வகுத்த மின் ஸ்டார்ட்டர், 1912-ஆம் ஆண்டுக் காடிலாக் கார்களில் இடம்பெற்றது. எஞ்சினைக் கிளப்புதல், தீப்பொறி தருதல், விளக்கெரித்தல், பாட்டரிக்கு மின்சாரம் ஊட்டுதல் ஆகிய நான்கும் ஒரே அமைப்பில் இணைந்தன. சாதாரணக் கார்களில் இம்முறை பரவவே, பழைய காரைப் பிரித்துப் பந்தய வண்டி செய்தவர்களும் அதன் கம்பிகளைப் புரிந்துகொள்ள வேண்டியவராயினர். 1939-இல் இங்கிலாந்தில் தொடங்கிய 750 மோட்டார் கழகத்தினர் ஆஸ்டின் செவன் என்னும் சிறு காரை இதற்குப் பயன்படுத்தினர். லோட்டஸ் வண்டிகளின் தந்தையான காலின் சாப்மன், 1948-இல் வட லண்டனில் ஒரு வீட்டின் பின்புறக் கொட்டகையில் கட்டிய முதல் வண்டியும் ஆஸ்டின் செவனிலிருந்து பிறந்ததே.

கம்பிகளை ஒழுங்குபடுத்தும் கலை இங்குத் தொடங்குகிறது. காரில் பாட்டரியிலிருந்து விளக்குக்குச் செல்ல ஒரு கம்பி உண்டு. திரும்பி வருவதற்குக் கம்பி இல்லை. இரும்பு அடிச்சட்டமே மின்சாரம் திரும்பும் பாதையாகிறது. இதனையே எர்த் என்பர். சட்டத்தில் பூசிய வண்ணமும் துருவும் இப்பாதையை அடைத்துவிடும். ஆதலின் இணைப்பிடத்தை உலோகம் தெரியுமாறு சுரண்டித் திருகுவது முதல் விதி. கண்ணாடியிழையால் உடல் செய்யும் வழக்கம் வந்தபின், அவ்வுடலில் மின்சாரம் பாயாதாகையால், திரும்புவதற்கும் தனிக் கம்பி இழுக்க வேண்டியதாயிற்று.

கம்பியின் பருமனும் முக்கியமானது. நூறு ஆம்பியர் பாயும் இடத்தில், ஓர் ஓமில் நூறில் ஒரு பங்கு தடை இருந்தாலும் ஒரு வோல்ட் வீணாகும். ஆஸ்டின் செவனில் இருந்ததோ 6 வோல்ட் பாட்டரி. அதில் ஆறில் ஒரு பங்கு வழியிலேயே போய்விடும். ஒரே வேலைக்கு 12 வோல்ட்டில் பாதி மின்னோட்டமே போதும் என்பதால், பிற்காலத்தார் 12 வோல்ட்டுக்கு மாறினர். அதிர்வோ மற்றொரு பகை. ஈயம் வைத்து ஒட்டிய கம்பி, ஒட்டு முடியும் இடத்தில் விறைத்து நின்று, அதிர்ந்து அதிர்ந்து அங்கேயே முறியும். ஆகவே முனைகளை நசுக்கிப் பிணைப்பதும், கம்பிகளை ஒரு கட்டாகச் சேர்த்துச் சட்டத்தோடு அங்கங்கே பற்றவைப்பதும், புகைக்குழாயின் வெப்பத்திலிருந்து அவற்றை விலக்குவதும் நல்ல வழக்கங்களாயின.

நம் நாட்டிலும் இக்கலை வேரூன்றியது. 1953-இல் சென்னை மோட்டார் விளையாட்டுக் கழகம் தோன்றியது. போர்க்காலத்தில் அமைந்த சோழவரம் விமான ஓடுபாதையில் பந்தயங்கள் நடந்தன. வெளிநாட்டு வண்டிகளை எளிதில் தருவிக்க இயலாத அந்நாளில், உள்நாட்டில் கிடைத்த கார்களின் உறுப்புகளைக் கொண்டே ஆர்வலர் பலர் தம் வண்டிகளை அமைத்தனர். 1961-இல் சென்னையில் நிறுவப்பட்ட லூகாஸ்-டி.வி.எஸ். நிறுவனம் வண்டிகளுக்குரிய மின்கருவிகளை இங்கேயே செய்யலாயிற்று. பாட்டரியிலிருந்து வரும் கம்பிக்குப் பழுப்பு, தீப்பொறிக்கு வெள்ளை, பியூஸுக்குப் பின் செல்வதற்குப் பச்சை, எர்த்துக்குக் கறுப்பு என்ற பிரிட்டிஷ் நிறமுறையை அறிந்தவர், இருளிலும் கைவிளக்கின் ஒளியில் பழுதைக் கண்டுபிடிக்கலாம். கோவையைச் சேர்ந்த எஸ். கரிவரதன், 1980-களின் இறுதியில் மாருதி 800 காரின் எஞ்சினைக் கொண்டு ஒற்றை இருக்கைப் பந்தய வண்டிகளை உருவாக்கி, இளைஞர் பலருக்கு வழி திறந்தார். 1995-இல் விமான விபத்தில் அவர் மறைந்தார். 2003-இல் கோவை அருகே திறக்கப்பட்ட பந்தயப் பாதை அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

இனி மூன்றாவது பாடத்துக்கு வருவோம். 1967 மே மாதத்தில் மொனாக்கோ பந்தயத்தில் லொரென்சோ பாண்டினியின் வண்டி கவிழ்ந்து தீப்பற்றியது. அவரை வெளியே எடுக்க நேரமாயிற்று. மூன்று நாளில் அவர் உயிர் நீத்தார். அத்தீக்கு மின்கம்பி காரணம் என்பதன்று. ஆயினும் பெட்ரோல் சிந்திய வண்டியில் ஒரு பொறியும் எழக்கூடாது என்னும் எண்ணம் இத்தகைய துயரங்களால் வலுப்பெற்றது. ஓட்டுநரும் எட்டித் திருப்பலாம், வெளியே நிற்பவரும் எட்டித் திருப்பலாம் என்ற வகையில் ஒரு தலைமை ஸ்விட்ச் பந்தய வண்டிகளுக்குக் கட்டாயமாயிற்று. வெள்ளை விளிம்புள்ள நீல முக்கோணத்தில் சிவப்பு மின்னல் அதன் அடையாளம்.

இதிலும் ஒரு நுட்பம் உண்டு. டைனமோவுக்குப் பதிலாக ஆல்ட்டர்னேட்டர் வந்தபின், பாட்டரியை மட்டும் துண்டித்தால் எஞ்சின் நில்லாமல் ஓடக்கூடும். சுழலும் ஆல்ட்டர்னேட்டரே தீப்பொறிக்கு மின்சாரம் தந்துகொண்டிருக்கும். அன்றியும், திடீரெனச் சுமை நீங்குவதால் அழுத்தம் உயர்ந்து அதன் டயோடுகள் கெடவும் கூடும். ஆகவே தலைமை ஸ்விட்ச், பாட்டரியோடு தீப்பொறிச் சுற்றையும் சேர்த்துப் பிரிப்பதாய், ஆல்ட்டர்னேட்டரின் மின்சாரத்தைத் தணிக்க ஒரு தடையும் உடையதாய் அமைக்கப்படுகிறது. இதனை அறியாது கட்டப்பட்ட வண்டியில், ஸ்விட்ச் இருந்தும் காப்பு இல்லை.

1981-இல் அமெரிக்காவின் டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய மாணவர் பந்தய வண்டிப் போட்டி இன்று பல நாடுகளில் பரவியுள்ளது. கோவைப் பந்தயப் பாதையிலும் நம் பொறியியல் மாணவர்கள் தாமே கட்டிய வண்டிகளோடு கூடியிருக்கின்றனர். ஓட்டுநர் அருகே ஒன்றும் இருபக்கங்களில் ஒவ்வொன்றுமாக மூன்று நிறுத்து பொத்தான்கள் வேண்டும் என்பது இவ்வகைப் போட்டிகளின் விதி. வண்டி எவ்வளவு வேகமாயினும், இப்பொத்தானை அழுத்தியும் எஞ்சின் நிற்காவிடில் அது களத்தில் இறங்க முடியாது. அம்மாணவர்கள் கம்பி முனையை நசுக்கி, இழுத்துப் பார்த்து, பெயர்ச் சீட்டுக் கட்டும்போது, நூறாண்டுக்கு மேற்பட்ட அனுபவம் அவர்கள் கைவழியே பேசுகிறது. பந்தயத்தில் முந்துவோர் ஒருவரே. ஆனால் இவ்வேலையைச் செம்மையாகச் செய்தால், கலந்துகொண்ட அனைவரும் நலமே வீடு திரும்பலாம்.