மறுக்கும் உரிமை, விலை சொல்லும் உரிமை: பறை, கானாக் கலைஞர்களின் தொழில்வாழ்வு

2025ஆம் ஆண்டு மதுரையைச் சேர்ந்த பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. அதற்கு ஏழாண்டுகளுக்கு முன், 2018 சனவரியில், 19 கலைஞர்களைக் கொண்ட 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' இசைக்குழு சென்னையில் தன் முதல் மேடையில் ஏறியது. பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் தென்மாவும் இணைந்து உருவாக்கிய அக்குழுவின் பெயர், அயோத்திதாசப் பண்டிதர் முன்வைத்த 'சாதியற்ற தமிழர்' என்னும் அடையாளத்திலிருந்து பிறந்தது. இவ்விரு நிகழ்வுகளுக்கும் இடைப்பட்ட காலத்தில் பறையும் கானாவும் ஒப்பாரியும் கல்லூரி வளாகங்களுக்கும் திரைப்படங்களுக்கும் அரசு விழாக்களுக்கும் சென்று சேர்ந்துவிட்டன. ஆயினும், இன்று இருபது வயதில் பறையைக் கையில் எடுக்கும் ஓர் இளைஞரோ இளம்பெண்ணோ நாற்பது வயதிலும் அதைக் கொண்டே குடும்பம் நடத்த முடியுமா என்று கேட்டால், உறுதியான விடை சொல்வார் எவருமில்லை. கைதட்டல் பெருகிய வேகத்தில் வருவாய் பெருகவில்லை. இதற்குக் காரணம் கலைஞரின் திறமைக் குறைவு அன்று. கலைக்கும் கூலிக்கும் இடையிலான உறவைச் சாதி எவ்வாறு அமைத்தது என்பதில்தான் அக்காரணம் உள்ளது.

ஊழியம் தொழிலாவது எப்போது?

ஊரில் பறையடிப்பது நெடுங்காலம் தொழிலாக இருந்ததில்லை. இறப்புக்கும் திருவிழாவுக்கும் ஊரறிவிப்புக்கும் அழைத்தபோதெல்லாம் செல்ல வேண்டிய ஊழியமாகவே அது இருந்தது. அறுவடைக் காலத்தில் களத்துமேட்டில் அளந்து தரப்படும் நெல்லே அதற்கான ஈடு. ஊர்ப் பணியாளர்களுக்குத் தரப்பட்ட அத்தகைய பங்கைப் பழைய வருவாய் ஆவணங்கள் 'சுதந்திரம்' என்ற சொல்லால் குறித்தன. வரலாற்றின் கேலிகளில் இதுவும் ஒன்று. விலையைத் தீர்மானித்தவர் கொடுப்பவர். வர இயலாது என்று சொல்லும் இடம் வாசிப்பவருக்கு இல்லை. பறையடிக்க மறுத்த சேரிகள் ஊர்விலக்கத்தையும் வன்முறையையும் எதிர்கொண்டன. பறையை முற்றிலும் கைவிடுவதே விடுதலை என்று ஒரு தலைமுறை முடிவெடுத்ததன் பின்னணி இதுதான். அந்த முடிவைப் 'பண்பாட்டு இழப்பு' என்று எளிதாகப் புலம்புவோர் இந்த வரலாற்றை வசதியாக மறந்துவிடுகின்றனர்.

பட்டியல் சாதியினர், பழங்குடியினர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015ஆம் ஆண்டு செய்யப்பட்ட திருத்தத்தின்படி, கட்டாய உழைப்பைப் பெறுவது பிரிவு 3(1)(h)இன் கீழும், சமூக அல்லது பொருளாதாரப் புறக்கணிப்பை விதிப்பதும் விதிப்பதாக அச்சுறுத்துவதும் பிரிவு 3(1)(zc)இன் கீழும் குற்றங்களாகும். கலைஞரின் தொழில்வாழ்வைப் பற்றிய கட்டுரையில் வன்கொடுமைச் சட்டம் எதற்கு என்ற ஐயம் எழலாம். வர மறுக்க முடியாத ஒருவரால் விலை பேசவும் முடியாது. சந்தையில் நிற்பதற்கான முதல் தகுதியே சந்தையை விட்டு விலகி வரும் உரிமைதான். ஆகவே இவ்விரு பிரிவுகளையும் கலைஞரின் தொழில் உரிமைக்கான அடித்தளமாகவே கொள்ள வேண்டும்.

திண்டுக்கல்லில் இயங்கும் சக்தி கலைக்குழு தலித் இளம்பெண்களுக்குப் பறையைக் கற்றுத் தந்தது இங்கு நினைவுகூரத்தக்கது. ஆண்களிடமிருந்து ஊழியமாகப் பெறப்பட்ட ஒரு வாத்தியத்தைப் பெண்கள் மேடைக்கலையாகக் கையில் எடுத்தபோது, பழைய கட்டாயம் அவர்களைத் தொடர்ந்து வரவில்லை. எங்கு வாசிப்பது, யாருக்கு வாசிப்பது என்பதைக் குழுவே முடிவு செய்தது.

பருவமும் நாள்காட்டியும்

நாட்டுப்புறக் கலைஞரின் ஆண்டு பன்னிரண்டு மாதங்கள் கொண்டதன்று. தை தொடங்கி ஆடி வரை கோயில் திருவிழாக்களின் காலம். மழைக்காலத்தில் அழைப்புகள் அருகிவிடும். 2020, 2021 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் பெருந்தொற்றால் பங்குனி, சித்திரைத் திருவிழாக்கள் முடங்கியபோது, பலரின் முழு ஆண்டு வருவாயும் ஒருசேர அழிந்தது. கோயிலை மட்டுமே நம்பிய நாள்காட்டியின் பலவீனம் அப்போது வெளிப்பட்டது.

மகாராட்டிரத்தின் அனுபவம் இதற்கு மாறானது. அங்கே அம்பேத்கரிய ஜல்சாக்களிலிருந்து வளர்ந்த பீம் பாடல்களுக்கு ஏப்ரல் 14, தம்ம ஏற்பு நாள், டிசம்பர் 6 என்று சொந்தமான ஒரு நாள்காட்டி உண்டு. வாமன்தாதா கர்டக் (1922–2004) போன்ற மக்கள் பாடகர்கள் அம்மேடைகளில்தான் உருவாகினர். பஞ்சாபில் கின்னி மாஹி இளம் வயதிலேயே அறியப்பட்டதற்கும், குரு ரவிதாசரையும் அம்பேத்கரையும் போற்றும் விழாக்களில் திரண்ட மக்களே அடித்தளம். திரையுலகமோ பெரிய இசை நிறுவனமோ கதவைத் திறக்கும் வரை காத்திராமல், தம் மக்களின் விழாக்களையே ஆண்டு முழுவதற்குமான மேடைகளாக ஆக்கிக்கொண்டதே இவ்விரு மாநிலங்களும் தரும் பாடம். 2020 டிசம்பரில் நீலம் பண்பாட்டு மையம் தொடங்கிய 'மார்கழியில் மக்களிசை' அத்திசையில் ஒரு முயற்சி. சபாக்களின் மாதத்தைச் சபாக்களுக்கு மட்டுமே விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை என்பதுடன், மழைக்கால இடைவெளிக்குப் பின் கலைஞருக்கு ஊதியம் கிடைக்கும் நாள்களையும் அது சேர்க்கிறது.

எழுதப்படாத ஒப்பந்தம்

வெற்றிலை பாக்கில் பணம் வைத்து அச்சாரம் தருவதோடு பேச்சு முடிந்துவிடும் வழக்கம் ஊர்த் திருவிழாவுக்குப் போதுமானதாக இருக்கலாம். ஒலிப்பதிவுக் கூடத்திலும் படப்பிடிப்பிலும் அது கலைஞரை வெறுங்கையாய் அனுப்பிவிடும். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், 2012ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின், நிகழ்த்துக் கலைஞருக்கு மூன்று முக்கிய உரிமைகளை அளிக்கிறது. அவரது நிகழ்ச்சியைப் பதிவு செய்யவும் பொதுமக்களிடம் பரப்பவும் அவருடைய இசைவு தேவை (பிரிவு 38A). அப்பதிவு வணிகத்துக்குப் பயன்படுமானால் அவருக்கு ராயல்டி உண்டு. தம் பெயர் குறிப்பிடப்பட வேண்டும் என்று கோரவும், தம் நிகழ்ச்சி சிதைக்கப்படுவதைத் தடுக்கவும் அவருக்கு உரிமை உண்டு (பிரிவு 38B). நிகழ்த்துநர் உரிமை 50 ஆண்டுகள் நீடிக்கும்.

ஆனால் அதே திருத்தம் ஒரு பொறியையும் வைத்துள்ளது. திரைப்படம் ஒன்றில் ஒருவரின் பங்கு தற்செயலானதாகவோ துணைமையானதாகவோ இருந்து, தொழில் வழக்கப்படி அவர் பெயர் எங்கும் குறிப்பிடப்படாத நிலை இருப்பின், சிதைவைத் தடுக்கும் உரிமை ஒன்றைத் தவிர மற்றவற்றுக்கு அவர் 'நிகழ்த்துநர்' ஆகமாட்டார். சாவுக் காட்சியில் பறையடிக்க ஊரிலிருந்து வேனில் ஏற்றி வரப்படும் பத்துப் பேரை இந்த விதிவிலக்கு எங்கே நிறுத்தும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. பெயரைப் போடாமலிருப்பதே வழக்கம். அந்த வழக்கமே பின்னர் உரிமை மறுப்புக்குச் சான்றாகிறது. ஆகவே படப்பிடிப்புக்கு ஒப்புக்கொள்ளும் குழு, கூலியைப் பேசும்போதே, குழுவின் பெயரும் கலைஞர்களின் பெயர்களும் படத்தில் இடம்பெறும் என்று எழுதி வாங்கிக்கொள்வது இன்றியமையாதது.

பதிப்புரிமையை ஒருவருக்கு உரிமைமாற்றம் செய்வதாயின், அது எழுத்தில், கையொப்பத்துடன் இருந்தால் மட்டுமே செல்லும் என்கிறது பிரிவு 19. எந்த ஆக்கம், என்னென்ன உரிமைகள், எவ்வளவு காலம், எந்த நாடுகள், என்ன ராயல்டி ஆகியவற்றை அந்த ஆவணம் குறிப்பிட வேண்டும். காலம் குறிப்பிடப்படாவிடில் ஐந்தாண்டு, நிலப்பரப்பு குறிப்பிடப்படாவிடில் இந்தியா மட்டும் என்றே பொருள்கொள்ளப்படும். நிகழ்த்துநர் உரிமைக்கும் உரிய மாற்றங்களுடன் இப்பிரிவு பொருந்தும். 'உலகம் முழுவதும், நிரந்தரமாக' என்ற இரு சொற்கள் ஆங்கில ஒப்பந்தங்களில் ஏன் தவறாமல் இடம்பெறுகின்றன என்பது இப்போது விளங்கும். கையொப்பமிடும் முன் இளங்கலைஞர் தேடிப் பார்க்க வேண்டியவை அவையே.

கானா எழுதுவோருக்கு இன்னொன்று. தெருவில் பிறந்து வாய்மொழியாகப் பரவும் பாடல் என்பதால் அது ஊர்ச்சொத்து ஆகிவிடாது, எழுதியவர் இருக்கிறார். பதிவு செய்யாவிடினும் பதிப்புரிமை உண்டு. எனினும், பாடல் வரிகளை ஓர் இலக்கிய ஆக்கமாகப் பதிவு செய்துகொள்ள 500 ரூபாய்க் கட்டணமே ஆகும். பிற்காலத்தில் தகராறு எழும்போது அந்தச் சான்று பேசும். பாடலாசிரியர்களும் இசையமைப்பாளர்களும் 1969இல் தொடங்கப்பட்ட ஐ.பி.ஆர்.எஸ். அமைப்பில் உறுப்பினராகலாம். வானொலி, தொலைக்காட்சி, இணையத் தளங்கள் ஆகியவற்றிலிருந்து வரும் ராயல்டி அதன் வழியே பிரித்தளிக்கப்படுகிறது. உறுப்பினரல்லாதவரின் பங்கு தானாக வீடு தேடி வராது.

பெயரின் விலை

2021 மார்ச்சில் வெளியான 'எஞ்சாய் எஞ்சாமி' இதற்கெல்லாம் பெரிய சான்று. தேயிலைத் தோட்டத்தில் உழைத்த தம் பாட்டி வள்ளியம்மாளின் நினைவிலிருந்து அறிவு உருவாக்கிய அப்பாடல், நிலமற்றவர்களின் வரலாற்றைக் கோடிக்கணக்கானோரின் காதுகளுக்குக் கொண்டு சென்றது. அதே ஆண்டு ஓர் இசை இதழின் அட்டையில் அவர் படம் இடம்பெறாதது கண்டனத்துக்குள்ளானது. 2022 சூலையில் சென்னையில் நடைபெற்ற சதுரங்க ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அவர் இல்லாமலேயே அப்பாடல் பாடப்பட்டது. பாடலை எழுதி, மெட்டமைத்து, பாடியதும் தாமே என்று அறிவு பொதுவெளியில் எழுதினார். சந்தோஷ் நாராயணனும் தீயும் தம் தரப்பை விளக்கினர். 2024இல் அப்பாடலால் தமக்கு எவ்வித வருவாயும் வரவில்லை என்று சந்தோஷ் நாராயணனே அறிவித்தார். புகழ்பெற்ற இசையமைப்பாளருக்கே இந்நிலை எனில், தரகர் வழியாக ஒரு பாடலைக் கொடுத்துவிட்டு வரும் வியாசர்பாடி இளைஞரின் நிலையை ஊகித்துக்கொள்ளலாம். பெயர் விடுபடுவது அவமதிப்பு மட்டுமன்று. பெயர் இல்லாத இடத்தில் கணக்கும் இல்லை.

அழைப்பவர்களின் கடமை

2007இல் அமைக்கப்பட்ட நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் பதிவு செய்வது கல்வி, திருமணம், விபத்து உதவிகளுக்கு வழி செய்கிறது. பதிவைப் புதுப்பிக்க மறப்பதே பெரும்பாலோர் செய்யும் பிழை. ஆனால் நலவுதவி வேறு, ஊதியம் வேறு. ஊதியத்தை உயர்த்தும் ஆற்றல் இக்கட்டுரையைப் படிக்கும் மாணவர்களிடமும் இயக்கத்தோழர்களிடமும் ஓரளவேனும் இருக்கிறது. ஏனெனில் அழைப்பவர்கள் அவர்களே.

அம்பேத்கர் பிறந்தநாள் விழாவுக்குப் பறைக்குழுவை அழைத்துவிட்டு, 'நம் தோழர்கள்தானே' என்று பயணச்செலவும் சால்வையும் மட்டும் தந்து அனுப்பும் வழக்கம் நம்மிடையே உண்டு. ஊழியத்தை ஒழிக்கக் கூடிய மேடையில் அதன் இன்னொரு வடிவம் அரங்கேறுகிறது. பந்தல்காரருக்கும் ஒலிபெருக்கிக்காரருக்கும் பேரம் பேசாமல் தரும் தொகையை நிதித்திட்டத்தில் முதலில் எழுதும் விழாக்குழு, கலைஞருக்கானதை மிச்சத்தில் தேடுகிறது. வாசிப்போரின் எண்ணிக்கைக்கேற்ற ஊதியம், பாதி முன்பணம், மீதி நிகழ்ச்சி முடிந்த அன்றே, மழையால் நின்றுபோனால் எவ்வளவு என்ற நான்கையும் ஒரு பக்கத் தாளில் எழுதி இருதரப்பும் கையொப்பமிட அரை மணி நேரம்கூட ஆகாது. அழைப்பிதழில் 'பறை முழக்கம்' என்று மட்டும் அச்சிடாமல் குழுவின் பெயரையும் ஆசிரியரின் பெயரையும் சேர்க்க வேண்டும்.

நிகழ்ச்சியைப் படம்பிடித்துக் கல்லூரியின் யூடியூப் பக்கத்தில் ஏற்றுவதற்கும் கலைஞரின் எழுத்துவழி இசைவைப் பெற வேண்டும். அந்தப் பதிவின் முழுப்படியைக் குழுவுக்குக் கொடுத்துவிட வேண்டும். அடுத்த விழாக்குழுவிடம் விலை பேசச் செல்லும்போது கையில் காட்டுவதற்கு அவர்களுக்கு அது பயன்படும்.