கலப்படமே இல்லாத பால்

உணவுக் கலப்படத்தை ஒழிக்கச் சட்டம் போதுமா என்று தலைப்புக் கொடுத்திருக்கிறீர்கள். நான் ஒரு பழைய கதையைச் சொல்கிறேன். அதில் கலப்படம் துளியும் கிடையாது. ஆனாலும் குழந்தைகள் இறந்தார்கள்!

கேமரன் மலையை 1885-இல் அளக்கப் போனவர் வில்லியம் கேமரன். 1929-இல் ஜே.ஏ. ரஸ்ஸல் அங்கே போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். அந்த மலையில் கொழுந்து கிள்ளியவர்களில் நம்மவர்கள் பெரும்பங்கு. மலாயாவின் தேநீர் ஒட்டுக்கடைக் குவளைக்கு வந்தபோது அதில் கலந்தது எந்தப் பால்? டின்னில் அடைத்த கட்டிப்பால். வெயில் நாட்டில் பசும்பால் அரை நாள் தாங்குவதே பெரிது. சீனி போட்டுச் சுண்டக் காய்ச்சிய பாலோ, டின்னைத் திறந்த பிறகும் சீக்கிரம் கெடாது. கூலிக்காரக் குடும்பத்துக்கு அது வரமாகத் தெரிந்ததில் வியப்பில்லை.

பசும்பாலைச் சோதிக்க லாக்டோமீட்டர் என்ற கருவி உண்டு. தண்ணீர் கலந்தால் பாலின் அடர்த்தி குறையும்; மிதவை ஆழமாக இறங்கிக் காட்டிக்கொடுக்கும். நம் ரப்பர்த் தோட்டத்துப் பெரியவர்களுக்கு இதன் தம்பியைத் தெரிந்திருக்கும். அதன் பெயர் மெட்ரோலாக். பால்மரத்துப் பாலில் எவ்வளவு ரப்பர் தேறும் என்று மிதக்கவிட்டுப் பார்ப்பார்கள். பால்மரம் வெட்டுகிறவர் தண்ணீர் ஊற்றிவிடுவாரோ என்ற சந்தேகம்! மரத்துப் பாலுக்கே இத்தனை காவல் என்றால், பிள்ளை குடிக்கும் பாலுக்கு எத்தனை காவல் வேண்டும்?

1936-இல் மலாயாவுக்கு மாற்றலாகி வந்தவர் டாக்டர் சிசிலி வில்லியம்ஸ். ஜமைக்காவில் பிறந்தவர், ஆப்பிரிக்காவில் சத்துக்குறைவு நோயான குவாஷியோர்க்கரை மருத்துவ உலகுக்கு அடையாளம் காட்டியவர். சிங்கப்பூரில் அவர் கண்டது இதுதான். தாதிபோல உடையணிந்த பெண்கள் தாய்மாரைத் தேடிப்போய், தாய்ப்பாலைவிட டின் பால் உசத்தி என்று சொல்லி விற்றார்கள். பிரிட்டனில், கொழுப்பு நீக்கிய கட்டிப்பாலின் டின்னில் ‘குழந்தைகளுக்கு ஏற்றதல்ல’ என்று அப்போது அச்சிட வேண்டியிருந்தது. இங்கே அதே பால் பச்சைக் குழந்தைக்கு உகந்தது என்று விளம்பரமாயிற்று. கொழுப்பை எடுத்தால் அதோடு வைட்டமின் ஏ-யும் டி-யும் போய்விடும். கண்ணும் எலும்பும் அடிபடும். மிச்சம் இருப்பதில் நூற்றுக்கு நாற்பதுக்கு மேல் சீனி. அதைச் சுத்தமில்லாத தண்ணீரில் கரைத்துக் கொடுத்தால் வயிற்றுப்போக்கு. இதற்கிடையில் தாயிடம் பால் வற்றிப் போயிருக்கும். திரும்பிப் போக வழியில்லை.

1939-இல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் அவர் பேசினார். தலைப்பே ‘பாலும் கொலையும்’. தவறான பிரசாரத்தால் நேரும் இந்த மரணங்களைக் கொலையாகவே கருத வேண்டும் என்றார். வணிகர்கள் நிறைந்த சபையில் நின்று ஒரு பெண் இப்படிச் சொல்ல என்ன துணிச்சல் வேண்டும்!

சட்டம் என்ன செய்தது? உணவு, மருந்து விற்பனைச் சட்டம் 1952-இல் வந்தது. பிறகு 1983-இல் உணவுச் சட்டம், 1985-இல் அதன் விதிமுறைகள். மாதிரி எடு, ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பு, லேபிளில் உள்ளபடி உள்ளே இருக்கிறதா பார். நல்ல வேலைதான், குறை சொல்லமாட்டேன். ஆனால் வில்லியம்ஸ் காட்டிய டின் அந்தச் சோதனையில் தேறிவிடும்! யாருக்கு, என்ன சொல்லி விற்றார்கள் என்பதை எந்த மிதவை காட்டும்? அதைக் கேட்கும் நெறிமுறை மலேசியாவில் 1979-இல்தான் வந்தது. அதுவும் சட்டம் அல்ல. அதே ஆண்டில் உருவான குழந்தை உணவு இயக்க வலையமைப்பில் நம் பினாங்கின் அன்வார் ஃபசாலுக்கும் பங்குண்டு. 1981-இல் உலகச் சுகாதார மன்றத்தில் 118 நாடுகள் விற்பனை நெறிமுறையை ஆதரித்தன. எதிர்த்தது அமெரிக்கா ஒன்றே.

சோதனையை நம்பி ஏமாந்த கதையும் உண்டு. 2008-இல் சீனாவில் தண்ணீர் கலந்த பாலில் மெலமைன் சேர்த்தார்கள். புரதத்தை அளக்கும் வழக்கமான சோதனை உண்மையில் நைட்ரஜனைத்தான் எண்ணுகிறது. மெலமைனில் நைட்ரஜன் மிகுதி. பால் தேறிவிட்டது. ஆறு குழந்தைகள் இறந்தன. ஏறக்குறைய மூன்று லட்சம் குழந்தைகள் பாதிக்கப்பட்டன.

இன்று சுற்றுலாப் பயணிகள் சுங்கை பாலாஸ் மேட்டில் நின்று படமெடுக்கிறார்கள். கீழே இறங்கி வந்து தே தாரிக் கேட்கிறார்கள். கடைக்காரர் ஊற்றும் டின்கள் பலவற்றில் பால் என்ற பெயரே இல்லை. ‘கிரீமர் மானிஸ்’ என்று இருக்கும். சேர்மானத்தில் செம்பனை எண்ணெய். சட்டப்படி சரியான பெயர், கலப்படமும் இல்லை. ஆனால் டின் இருப்பது கடைக்காரர் பக்கம். குடிப்பவர் கைக்கு வருவது குவளை மட்டும்.